வெள்ளிக்கிழமைக்குப் பூட்டு

பள்ளிகொண்டா,
ஜூலை 14, திங்கட்கிழமை.
(கிழமையைக் காலண்டர் பார்க்காமல்தான் எழுதினேன்.)

அன்புள்ள மகன் சூரியபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. அன்புள்ள என்று போடுவது வழக்கம், அதனால் போட்டிருக்கிறேன். இங்கே நான் சுகமாக இருக்கிறேன், நீ நம்பமாட்டாய் என்று தெரியும், அதற்காக வேலூர் டாக்டரம்மா எழுதிய சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அங்கே நீயும் சௌமியாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு பள்ளிகொண்டாவில் இருக்கும் என் வீட்டு கேட்டைப் பூட்ட முடிகிறவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது. கேமரா நாலு நாளாக வேலை செய்யவில்லை, போய்ப் பார்த்துச் சொல் என்று உன் மாமா மகன் புகழேந்தியை அனுப்பினாயாம். அவன் வந்து ஸ்டூல் போட்டு ஏறி, வயரை இழுத்துப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பழுது ஒன்றும் இல்லை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன், ஹாலில் இருந்ததையும் பிடுங்கினேன், சமையலறையில் இருந்ததையும் பிடுங்கினேன். மறதியில் பிடுங்கவில்லை, நன்றாக யோசித்துப் பிடுங்கினேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ, அம்மா டென்ஷன் ஆகாத, புகழேந்திகிட்ட குடு என்கிறாய். காகிதத்தைப் பிடுங்கிப் புகழேந்தியிடம் கொடுக்க முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேமரா கதையை முடித்துவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தவன் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாகச் சாப்பிடவில்லை, சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாய். திருடன் வருவான் என்றாய். திருடனைப் பார்க்க சமையலறையில் எதற்குடா கேமரா? நீ ஊருக்குப் போன மூன்றாம் நாள் அடுப்பில் ரசம் கொதிக்கிறது, நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன், சுவரிலிருந்து, அம்மா அடுப்பு என்று உன் குரல். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். அதையும் பார்த்துவிட்டு, கை நடுங்குது, பாத்திரம் விழுது என்று நோட்டில் குறித்துக்கொண்டாயாம், சௌமியாதான் சொன்னாள். அவளுக்கு நல்ல மனசு, ஆனால் அவளும் அந்தச் சுவருக்குள்ளிருந்து, அத்தை மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், நான் தலைக்குக் குளித்துவிட்டு நைட்டியோடு நிற்பேன். ஐந்தரை மாதம் என் வீட்டில் நான் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் அந்தக் கேமராவை அன்றைக்கே சாக்கடையில் போட்டிருப்பார், நான் பிளக்கை மட்டும்தான் பிடுங்கியிருக்கிறேன்.

சரி, அந்த பெங்களூர் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி, கண் பரிசோதனை என்று சொல்லித்தான் என்னைக் காரில் ஏற்றினாய். அதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. அங்கே ஒரு சின்னப் பெண் கையில் ஏதோ பலகை மாதிரி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது. என்ன வருஷம், என்ன மாதம், மூன்று வார்த்தை சொல்வேன் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள், கடிகாரம் வரையுங்கள். எனக்கு அன்றைக்கு வாயைத் திறக்கவே பலம் இல்லை. தெரியலம்மா என்றேன். பாதிக் கேள்விக்குத் தெரியலம்மாதான். யோசித்தால் வந்திருக்குமோ என்னமோ, யோசிக்கத் தோன்றவில்லை. இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு மட்டும் சட்டென்று பதில் சொன்னேன், வெள்ளி என்றேன். அன்றைக்கு ஞாயிறு. அந்தப் பெண் உன்னைப் பார்த்தது, நீ அந்தப் பெண்ணைப் பார்த்தாய். பிறகு நீயும் அந்த டாக்டரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டீர்கள், நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன், சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டுக்குப் பல் பார்த்துவிட்டு விலை பேசுகிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது, டாக்டர் இன்னாடா சொன்னாரு என்று கிருஷ்ணகிரி தாண்டும்வரை மூன்று தடவை கேட்டேன். ஒண்ணும் இல்லம்மா, வயசுதான் என்றாய். சரி என்று விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறேன், பின்னால் நின்ற பொம்பளை என் தோளைத் தொட்டு, உங்களுக்கு மறதி வியாதியாமே, இனிமே சரியாவாதாமே, பாவம் என்கிறாள். அவளுக்குச் சொன்னது புகழேந்தி பெண்டாட்டி. அவளுக்குச் சொன்னது புகழேந்தி. அவனுக்குச் சொன்னது நீ. உன் மாமனார் வீட்டுக்குத் தெரியும், உன் பெரியப்பாவுக்குத் தெரியும், மாடியில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு என்ன வியாதி என்று ஊரில் தெரியாத ஒரே ஆள் நான்தான். அரிசி வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன், அதைக்கூட மறந்துவிட்டேன் என்றுதான் எழுதிக்கொண்டிருப்பாய். மறக்கவில்லை பிரகாஷ், அவமானம் தாங்காமல் வந்துவிட்டேன்.

நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவரவில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன், நீ குறித்து வைத்ததைவிட அதிகமாகவே இருக்கும். தீபாவளிக்கு அப்புறம் ஒருநாள் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன், பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ், மாடி வீட்டுப் பெண் ஓடி வந்து மூடினாள். உன் பிறந்த நாள் வந்து போனது தெரியவில்லை. சாவியைத் தேடித் தேடி அரிசி டிரம்மில் கண்டுபிடித்தேன். சீரியல் ஓடும், யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாது, புரியவேண்டும் என்றும் தோன்றாது. நாலு நாள் குளிக்காமல் இருந்திருக்கிறேன். விடியுமுன்னே முழிப்பு வந்துவிடும், எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று அப்படியே கிடப்பேன். கறிவேப்பிலை என்ற சொல் நாக்கு நுனியில் நிற்கும், வராது, கடைக்காரரிடம் அந்த இலை என்று கையைக் காட்டுவேன். வயசு அறுபத்தேழு, ஊசியில் நூல் கோர்க்க நேரம் ஆகிறது, அது எனக்குத் தெரியும், அது வேறு. இது அப்படி இல்லை. யோசனை தூரத்திலிருந்து வரும், அது வந்து சேருவதற்குள் எனக்கு அலுத்துப்போய்விடும். எனக்கே பயமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லி அழவேண்டும் என்று நீ வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன், நீ வந்து சுவரில் ஓட்டை போட்டாய்.

இதெல்லாம் எப்போதிலிருந்து என்று நீ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நாள் சொல்லியிருப்பேன். போன அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆம்பூரில் அஜீஸுன்னிசா வீட்டில். அவள் யார் என்று சௌமியாவுக்குத் தெரியாது, உனக்கு மறந்திருக்கும், மறதி உனக்கும் உண்டு. ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் தோல் ஓரத்தைச் சீவி, பசை தடவி, மடித்துத் தட்டித் தருவாள், நான் மெஷினில் தைப்பேன். இடது வலது ஜோடி சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, நிறம் ஒரு பொட்டு கம்மி ஜாஸ்தி என்றாலும் தள்ளிவிடுவாள். உனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து நான் உன்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் தன் வேலையையும் என் மெஷினையும் சேர்த்துப் பார்த்தாள், என் பெயரை லிஸ்டிலிருந்து எடுக்கவிடவில்லை. நீ படித்தது அந்த மெஷினில்தான். ரிட்டயர் ஆன பிறகும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது பஸ் பிடித்துப் போய்விடுவேன். மூன்று வருஷமாக அவளுக்கு மறதி வந்துகொண்டே இருந்தது, நிஜமான மறதி, கேட்டதையே கேட்பாள், வீதியில் வழி தெரியாமல் நிற்பாள். ஆனாலும் என்னைப் பார்த்ததும், அம்பி வந்துட்டியா என்பாள், அம்பிகாவை அவள் அப்படித்தான் சுருக்குவாள். அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமை, நீங்க யாரு, புதுசா, எந்த லைன் என்று, கம்பெனிக்குப் புதிதாக வந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். மரியாதையோடு கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள்தான், அப்புறம் நான் எழுந்திருக்கவில்லை.

அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு, இப்ப போயி இன்னாம்மா கவலை என்று கேட்டாயே, கவலைப்பட அப்பாவுக்கு அப்புறம் எனக்கு யாரும் இருக்கக்கூடாதா? அவள் செத்திருந்தால் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்திருப்பேன், நாலு பேர் வந்து துக்கம் கேட்டிருப்பார்கள். உயிரோடு இருக்கிற தோஸ்துக்காக அழுதால் யார் வந்து கேட்பார்கள். என் இருபத்தாறு வருஷம் அவள் தலையில் பாதி இருந்தது, அந்தப் பாதி போய்விட்டது, இனி நான் சொன்னால்தான் உண்டு, எனக்கும் சொல்லத் தெம்பு இல்லை. அப்படித்தான் இருந்தது, வேறு மாதிரி எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஏப்ரலில் என்னை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனது நீ இல்லை, புகழேந்தி இல்லை, அஜீஸுவின் மகள் அம்பரீன். ரேஷன் கடையில் நடந்ததை அவளிடம் போனில் சொல்லி அழுதேன், மறுநாளே ஆட்டோவோடு வந்து நின்றாள். அவள் அம்மாவைப் பார்க்கிற அதே டாக்டரம்மாவிடம்தான் போனோம். ஒன்றேகால் மணி நேரம் என்னோடு பேசினார், என்னோடு, தமிழில். பெங்களூர் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, ஞாயித்துக்கிழமைய வெள்ளின்னு சொல்லியிருக்கீங்க, ஏம்மா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார். பிரகாஷ், ஏன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் சொன்னேன், அன்னைக்கு ரோடெல்லாம் காலி, கடையெல்லாம் ஷட்டர் போட்டிருந்துது, என் பையன் லீவு நாள் டிராஃபிக் கம்மின்னான், லீவுன்னா எனக்கு வெள்ளிதான் என்று. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அம்பரீன் சிரித்துவிட்டு, டாக்டர், இவங்க கம்பெனிக்கு வாரலீவு வெள்ளிக்கிழமை, ஜும்மா அன்னைக்கி, ஞாயித்துக்கிழமை வேலை, எங்க ஊரு தோல் டேனரிலயும் நெறைய எடத்துல அப்படித்தான் என்றாள். டாக்டரம்மா பேனாவை எடுத்து அந்தப் பேப்பரில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். இருபத்தாறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கம்பெனி பஸ் ஏறிப் போனதும், நீ அழுதுகொண்டு நின்றதும் உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அது பெங்களூர்ப் பெண். நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அந்த டாக்டரம்மா சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். வயசானால் யோசனை மெதுவாகும், அது எல்லோருக்கும். மனச்சோர்வு வந்தால் கவனம் போய்விடும், கவனிக்காத ஒன்றை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும், அதைப் பார்க்கிறவர்கள் மறதி வியாதி என்றே நினைப்பார்கள், சில சமயம் டாக்டர்களும். நிஜமான மறதி வியாதிக்காரர்கள் பெரும்பாலும் தெரியலை என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லி மழுப்புவார்கள், நீங்களோ வரிக்கு வரி தெரியலைன்னு சொல்லியிருக்கீங்க, எனக்கு மறக்குது மறக்குதுன்னு நீங்களே வந்து அழறீங்க என்றார். அது நிஜம்தான். அஜீஸுவைக் கேட்டால் தனக்கு ஏழு பிள்ளை என்பாள், நேற்று கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டேன் என்பாள், கொஞ்சம்கூட சந்தேகம் இல்லாமல் சொல்வாள். அவளுக்கு இருப்பது அம்பரீன் ஒருத்திதான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி12 மிகக் குறைவாக இருந்தது, அதற்கு ஊசி போட்டார்கள். சோர்வுக்கு ஒரு மாத்திரை, தினமும் நடக்கணும், நாலு பேரோட பேசணும், அந்த வெள்ளிக்கிழமைய விட்டுடாதீங்க என்றார். விட்டுடாதீங்க என்று சொன்னது டாக்டர், நன்றாகப் படித்துக்கொள். ஒரேயடியாகக் கவலையில்லை என்றும் அவர் சொல்லவில்லை, இப்படிச் சோர்வு வந்தவர்களுக்குப் பின்னால் அந்த வியாதி வரவும் வாய்ப்பு உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன், மயங்கி விழவில்லை. ஜூலை ஒன்றாம் தேதி மறுபடி டெஸ்ட் வைத்தார், முப்பதுக்கு இருபத்தேழு. பெங்களூரில் பதினாறு. இரண்டும் ஜெராக்ஸில் இருக்கிறது.

மாத்திரை ஆறு வாரம் கழித்துத்தான் வேலை செய்தது. மே கடைசியில் ஒருநாள் காலையில் எழுந்து காப்பி நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், அப்படி நினைத்து எத்தனை மாதம் ஆயிற்று. அந்த வெள்ளிக்கிழமையே ஆம்பூருக்குப் போனேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை, பரவாயில்லை, எனக்கு அவளைத் தெரியும் என்று உட்கார்ந்தேன். வாசலில் கிடக்கிற செருப்பை எல்லாம் ஜோடி சேர்த்து அடுக்குகிறாள், ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் தூக்கி, இது வேற லாட்டு என்று தள்ளிவிடுகிறாள், எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே நிறம் வேறு. நான் வாழைப்பழம் உரித்துக் கொடுப்பேன், அவள் பாதியை எனக்குத் தருவாள். நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். பிப்ரவரியில் ஒருதரம் சொன்னேன், அஜீஸுவைப் போய்ப் பார்க்கலாமா என்று இருக்கிறது என்று. அந்தம்மாவுக்கு மறதி வியாதி, அங்க போனா உனக்கு மனசு கஷ்டம் இன்னும் ஜாஸ்தியாகும், போகாத என்றாய். அதற்கப்புறம் உன்னிடம் எதற்குச் சொல்வது?

நீ என்ன செய்தாய்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எட்டு மணிக்கு அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், ஐந்து மணிக்கு வருகிறாள் என்று கேமராவில் பார்த்தாய். இந்த வியாதிக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியேறி அலைவார்கள் என்று எங்கேயோ படித்தாய். எங்கம்மா போற என்று இரண்டு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. புகழேந்தியிடம் சொல்லி கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாய். ஜூலை நாலாம் தேதி காலையில் நான் பட்டுக்கரை புடவை கட்டி, பையில் பழம் வைத்து, படி இறங்கி வந்து பார்க்கிறேன், என் வீட்டு கேட்டில் எனக்குத் தெரியாத பூட்டு. மாடி வீட்டுக்கு வழி தனி, பூட்டு எனக்கு மட்டும்தான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஓடி வந்து அந்தக் கேமராவின் முன்னால் நின்று, பிரகாஷ் கேட்டைத் தொறடா என்று கத்தினேன். எத்தனை தடவை கத்தினேன் என்று நீ போட்டுப் பார்த்து எண்ணிக்கொள், எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். உனக்கு அங்கே விடியாத நேரம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கத்தினேன். விடிந்த பிறகு பார்த்திருப்பாய் அல்லவா? பார்த்துவிட்டும் நீ என்னைக் கூப்பிடவில்லை, புகழேந்தியைக் கூப்பிட்டு, ரொம்ப வயலென்ட் ஆறாங்க, ஜாக்கிரதை என்றாயாம். சாயங்காலம் அவன் வந்து தலையைக் குனிந்துகொண்டு, அத்தே, மச்சான் சொல்லிட்டாரு, நான் இன்னா பண்றது, எனக்கே பேஜாரா கீது என்றான். நாய்க்குட்டி வளர்க்கிறவன்கூட அது ஏன் குரைக்கிறது என்று ஒருதரம் எட்டிப் பார்ப்பான்.

அன்றைக்கு ஆறு மணிக்கு அம்பரீன் போன் செய்தாள். ஆன்ட்டி ஏன் வர்ல, உடம்பு சரியில்லியா என்று கேட்டாள். கேட் பூட்டியிருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கம், தலைவலி என்று சொன்னேன். அப்புறம் அவள் சொன்னாள். காலையிலிருந்து அஜீஸு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருக்கிறாள். சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டாளாம். பக்கத்து மெஷின் காலியா இருக்குது, அவ இன்னும் வர்ல, அவ வரட்டும் என்றாளாம். எவ என்று அம்பரீன் கேட்டிருக்கிறாள். பெயர் தெரியவில்லை, முகம் சொல்லத் தெரியவில்லை, அவதான், அவதான் என்று மூன்று மணிவரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாளாம். நான் போனை வைத்துவிட்டு அழுதேன், ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அழுகை முழுசாக வந்தது. பெற்ற பிள்ளையின் பெயர்கூட நிற்காத தலையில் என் இடம் காலியாக இருப்பது தெரிந்திருக்கிறது. உன் தலையில் எல்லாம் சரியாக இருக்கிறது, நான் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு வெளியே போகிறேன் என்பது வரைக்கும் இருக்கிறது, என்னைத்தான் காணவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேள். ஆறு நாள் அந்தப் பூட்டுக்குள்ளேயே இருந்தேன். போன வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வெல்டிங் வைத்திருக்கும் ஹபீபுக்கு போன் செய்தேன், அவன் மெஷினோடு வந்து சங்கிலியை அறுத்தான். புகழேந்தி ஓடி வந்து மச்சானைக் கேக்காம எப்படி என்றான். வீடு யார் பேரில் இருக்குது என்று கேட்டேன். அறுத்த சங்கிலியை அவனிடமே கொடுத்தனுப்பினேன், உனக்கு ஞாபகார்த்தமாக வைத்திருப்பான். புதுப் பூட்டு வாங்கியிருக்கிறேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது. கேமராவை அன்றைக்குத்தான் பிடுங்கினேன். வெள்ளிக்கிழமை ஆம்பூர் போனேன், அவளுக்கு என்னைத் தெரியவில்லை, ஆனால் நான் உட்கார்ந்ததும் சாப்பிட்டாள்.

ஓசூர் பக்கத்தில் ஒரு ஹோமில் எனக்கு இடம் சொல்லி வைத்திருப்பதும், ஆகஸ்ட் பத்தாம் தேதி நீ வந்து ஒரு மாதம் ரெஸ்ட் என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் விடப்போவதும் எனக்குத் தெரியும். சௌமியா சுவர் வழியாக வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே, அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நீ மறுபடியும் கண் பரிசோதனை என்றுதானே காரில் ஏற்றியிருப்பாய். அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லிவிடு. நீ பயந்துபோய்ச் செய்திருப்பாய் என்று அம்பரீன் உனக்காகப் பரிந்து பேசினாள், கேஸ் விஷயம் கேட்டு நீ பயந்திருப்பாய், எனக்கும் புரிகிறது. பயந்தவன் அம்மாவிடம் வந்து பயமாயிருக்கு என்று சொல்லவேண்டும், ஊரெல்லாம் சொல்லிவிட்டு அம்மாவைப் பூட்டக்கூடாது. கேஸ் கசிந்தால் தானாக அடைத்துக்கொள்கிற ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், அதற்கு ஜெர்மனியிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டில் வா, வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கேயும் போக வண்டி பேசாமல் வா. வந்து என்னோடு வேலூருக்கு வந்து டாக்டரம்மாவிடம் என் எதிரில், தமிழில், கேட்கவேண்டியதை எல்லாம் கேள். போன் நம்பர் சீட்டிலேயே இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், சௌமியாவிடம் கோபத்தைக் காட்டாதே. கோபத்தோடு எழுதினாலும் பெற்றவள் வாய், நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று ரங்கநாதரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எனக்கும் ஒருநாள் அஜீஸு மாதிரி ஆகலாம், ஆகாது என்று யாரும் எழுதித் தரவில்லை. அப்படி ஆனால் அந்த டாக்டர் பேப்பரை முதலில் என் கையில் கொடுக்கவேண்டும், எனக்குப் புரிகிற காலத்திலேயே கொடுக்கவேண்டும். புரியாத காலம் வந்துவிட்டால் என்னை எங்கே வைப்பது, யார் கையால் சாப்பிடுவேன், எதற்குப் பயப்படுவேன், எதைக் கேட்டால் அமைதியாவேன் என்று எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறேன். அம்பரீனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டியது, கேட்க நீ இல்லை. வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. அம்பிகா